‘ஆறு’ என்று எங்கே எழுதியிருக்கிறது?

1

சேலத்தின் எஸ்.டி.டி. எண் 0427. நாமக்கல்லுக்கு 04286, ராசிபுரத்துக்கு 04287, திருச்செங்கோட்டுக்கு 04288. நான்கு ஊர்களிலும் கிளை வைத்திருந்த ஒரு வாடிக்கையாளருக்காக இந்த நான்கையும் ஒரு யாம்ல் ஃபைலில் வரிசையாக எழுதிவைத்தேன். மறுநாள் பார்த்தால் மூன்று ஊர்கள் சரியாக இருந்தன. சேலம் மட்டும் 279 ஆகியிருந்தது.

அரை நாள் தேடிய பிறகுதான் காரணம் பிடிபட்டது. யாம்ல் 1.1 பதிப்பின் விதிப்படி, பூஜ்யத்தில் தொடங்கி எட்டும் ஒன்பதும் இல்லாமல் வருகிற எண்ணை எட்டின் அடிமானத்தில் எழுதிய எண்ணாக எடுத்துக்கொள்ள வேண்டும். நாலு அறுபத்துநாலு 256, இரண்டு எட்டு 16, அதோடு 7. ஆக 279. பைத்தானில் பரவலாகப் புழங்கும் பை-யாம்ல் இன்றும் இந்தக் கணக்கைத்தான் போடுகிறது. மற்ற மூன்று ஊர்களின் எண்களிலும் ஓர் எட்டு கிடந்ததால் அவை தப்பித்தன. மேற்கோள் குறிக்குள் போட்டிருந்தால் சேலமும் தப்பித்திருக்கும். ஆனால் நான் யாரையும் கணக்குப் போடச் சொல்லவில்லையே, ஒரு பட்டியல்தானே எழுதினேன் என்கிற கடுப்பு இன்னும் போகவில்லை.

இந்த இதழில் வழக்கமாக நாவல்களைப் பற்றியும் கவிதைத் தொகுப்புகளைப் பற்றியும்தான் விமர்சனம் வரும். ஆனால் உண்மையைச் சொன்னால், ஒரு நாளில் நான் கவிதை வாசிப்பதைவிட யாம்ல் வாசிப்பது அதிகம். சர்வர்களில் மென்பொருளை இறக்கி ஓடவைக்கிற வேலையில் இருப்பவன் நான். இதை வாசிப்பவர்களில் பலருக்கும் அதுதான் நிலைமை என்று நினைக்கிறேன். அப்படியானால் அதையும் ஓர் எழுத்துவகையாக எடுத்துக்கொண்டு, அது என்ன சொல்கிறது, எதை மறைக்கிறது, யாரை வாசகராக வைத்து எழுதப்படுகிறது என்று கேட்டுப் பார்க்கலாம்.

2

எங்கள் வேலையில் ஒரு பழைய சண்டை உண்டு. சர்வர்களுக்குச் சொல்ல வேண்டியதைப் பட்டியலாக எழுதுவதா, நிரலாக எழுதுவதா?

பட்டியல் என்றால், முடிவில் என்ன இருக்க வேண்டும் என்று மட்டும் சொல்வது. ‘இந்தச் செயலி ஆறு பிரதிகளாக ஓட வேண்டும்’ என்பதோடு நிறுத்திவிடுவோம். நிரல் என்றால், என்னென்ன செய்ய வேண்டும் என்று படிப்படியாகச் சொல்வது. ஒன்றைத் தொடங்கு, ஓடுகிறதா பார், ஆறு ஆகும்வரை திரும்பச் செய்.

கோழிப்பண்ணையில் இருக்கிற தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். ‘பத்து நிமிஷம் மோட்டார் போடு’ என்பது செய்முறை. இரண்டு பேர் ஆளுக்கொரு தடவை போட்டுவிட்டால் தொட்டி வழிந்து ஓடும். நடுவில் கரண்ட் போனால் பாதித் தொட்டிதான். ‘தொட்டி இந்த மட்டத்துக்கு இருக்கணும்’ என்று சொல்லிவிட்டு மிதவைப் பந்து வைத்த வால்வை மாட்டினால், எத்தனை தடவை சொன்னாலும் ஒரே முடிவுதான். குறைந்தால் திறக்கும், நிறைந்தால் மூடும்.

இந்த எண்ணத்தை சர்வர்களுக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் மார்க் பர்ஜஸ். 1993இல் நார்வேயின் ஆஸ்லோவில் இருந்துகொண்டு சிஎஃப்எஞ்சின் என்ற கருவியை எழுதினார். 2005இல் பப்பெட் வந்தது, தனக்கென ஒரு பட்டியல் மொழியோடு. 2009இல் வந்த ஷெஃப், ரூபி என்ற முழு நிரல்மொழியிலேயே எழுதுங்கள் என்றது. 2012இல் ஆன்சிபிள் வந்து யாம்லுக்குத் திருப்பியது. 2014இல் டெராஃபார்மும் குபெர்னெடீஸும். 2018இல் புலூமி, திரும்பவும் நிரல்மொழி. மாமியார் மருமகள் வழக்குபோல முப்பது வருஷமாக இது தீர்ப்பாகாமல் போய்க்கொண்டிருக்கிறது.

இந்தச் சண்டையில் இரண்டு கட்சிக்காரர்களும் எழுதுகிறவனின் வசதியைப் பற்றியே பேசுகிறார்கள். எது சுருக்கம், எது வேகம், எதில் தப்பு குறைவு என்று. ராத்திரி ரெண்டு மணிக்கு உட்கார்ந்து இதை வாசிக்கப்போகிற ஆள் யார் என்ற கேள்வி அரிதாகத்தான் வருகிறது. எனக்கு அந்தக் கேள்வி இரண்டு பேரிடமிருந்து வந்தது. ஒருவர் என் அப்பா.

3

எங்கள் ஊர் சேலத்துக்குப் பக்கத்தில் இளம்பிள்ளை. அப்பா கைத்தறி நெசவாளி. தறிக்கு மேலே ஜக்கார்டுப் பெட்டி, அதிலிருந்து சரம்சரமாகத் தொங்கும் அட்டைகள். சின்ன வயதில் அந்த அட்டை விழுகிற சத்தத்தில்தான் தூங்கியிருக்கிறேன்.

அட்டையின் வேலை ரொம்ப நேரடியானது. ஊடை இழை ஒன்றுக்கு ஓர் அட்டை. ஓட்டை இருக்கிற இடத்தில் கொக்கி மேலே போகும், அதில் கட்டியிருக்கிற பாவு இழையைத் தூக்கும். ஓட்டை இல்லாத இடத்தில் இழை கீழேயே கிடக்கும். அவ்வளவுதான். அட்டையில் ‘இருந்தால்’ கிடையாது, ‘இல்லையென்றால்’ கிடையாது, ‘பத்துத் தடவை’ கிடையாது. ஆனாலும் ஒரே பூ புடவை நெடுக வருகிறதே? அட்டைகளை நூலால் கோத்து முதலும் முடிவும் சேர்த்து வளையமாகக் கட்டியிருப்பார்கள். கடைசி அட்டை போனதும் முதல் அட்டை வரும். திரும்பத் திரும்ப வருகிற வேலையைச் சரம் செய்கிறது. அட்டைக்கு அது தெரியவே தெரியாது.

இந்தப் பிரிவினையைத்தான் குபெர்னெடீஸும் அதன் நல்ல வடிவத்தில் வைத்திருக்கிறது. ‘ஆறு பிரதி’ என்ற வரி சும்மா கிடக்கும். சுற்றுகிற வேலையை வெளியே இருக்கும் கட்டுப்பாட்டு நிரல் பார்த்துக்கொள்ளும். ஓடுவதை எண்ணும், ஐந்துதான் இருந்தால் ஒன்றைக் கூட்டும், மறுபடி எண்ணும். பட்டியல் ஊமையாக இருப்பதால்தான் நம்ப முடிகிறது.

அந்த ஊமைத்தனத்துக்கு விலை உண்டு. 1839இல் பிரான்ஸின் லியோனில் ஜக்கார்டின் உருவப்படத்தையே பட்டில் நெய்தார்கள். அதற்குச் சுமார் 24,000 அட்டைகள் பிடித்தன. அதில் ஒரு பிரதியைச் சார்லஸ் பாபேஜ் வாங்கிப் பெருமையாக வைத்திருந்தார். ஒரு முகத்தில் திரும்ப வருகிற பூ எதுவும் இல்லை, எனவே வளையத்தால் பிரயோஜனம் இல்லை. ஒவ்வோர் இழையையும் சொல்லியாக வேண்டும். குபெர்னெடீஸுக்கு நாற்பது சேவைகளை எழுதியவர்களுக்கு இந்த அலுப்பு தெரியும். பெயர் மட்டும் மாறி, ஒரே ஐம்பது வரி நாற்பது தடவை.

அப்பாவுக்கு டிசைன் போடத் தெரியாது. கிராப் தாளில் கட்டம் கட்டமாக நிரப்புவதற்கு வேறு ஆள், அதைப் பார்த்து அட்டை அடிப்பதற்கு வேறு ஆள். ஆனால் அடித்து வந்த அட்டையை அப்பாவுக்கு வாசிக்கத் தெரியும். புடவையில் ஒரு இதழ் கோணலாக விழுந்தால், சரத்தில் விரலால் எண்ணிக்கொண்டே போய் ஓர் அட்டையைப் பிடிப்பார். கழற்றி, வாசல் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்ப்பார். “இங்க பாரு, இந்தக் கண்ணு இருக்கக் கூடாது” என்பார். காகிதத்தைக் கிழித்து ஒட்டி அந்த ஓட்டையை அடைத்துவிட்டு வேலையைத் தொடர்வார். எழுதத் தெரியாத ஒருவர் பிழை திருத்துகிறார். அதற்கு இடம் கொடுத்தது அட்டையின் அந்த ஊமைத்தனம்தான்.

4

பட்டியல் இப்படி ஊமையாகவே இருந்திருந்தால் எனக்குப் புகார் இல்லை. அலுப்புத் தாங்காமல் அதைப் பேசவைத்துவிட்டோம்.

ஆன்சிபிள் யாம்லுக்குள்ளேயே ‘இப்படி இருந்தால் மட்டும்’ என்றும் ‘இவை ஒவ்வொன்றுக்கும்’ என்றும் எழுத வழி வந்தது. பட்டியலாகப் பிறந்த டெராஃபார்ம், 2019இல் 0.12 பதிப்பில் சுற்றுகளையும் உள்ளே எடுத்துக்கொண்டது. ஹெல்ம் இன்னும் ஒரு படி மேலே போனது. யாம்ல் ஃபைலின் நடுநடுவே வார்ப்புரு வரிகளைச் செருகி, அவற்றை ஓட்டி, விழுகிற எழுத்துகளை ஒட்டி யாம்ல் ஆக்குகிறது. யாம்லில் அர்த்தமே இடைவெளியில்தான் இருக்கிறது. எத்தனை இடம் தள்ளி எழுதினோம் என்பதை வைத்துத்தான் எது எதற்குள் அடக்கம் என்று தெரியும். வார்ப்புருவுக்கோ அது வெறும் எழுத்து. அதனால் ‘இங்கே எட்டு இடம் தள்ளு’ என்று மனிதன் எண்ணி எழுத வேண்டியிருக்கிறது. அதற்கென்றே ‘நின்டென்ட்’ என்று ஒரு கட்டளை. யாப்பு தெரியாத ஒருவர் கத்திரிக்கோலை வைத்துக்கொண்டு வெண்பாவை அடி பிரிப்பதுபோல இருக்கும்.

ஆக, சுற்று உண்டு, நிபந்தனை உண்டு, ஆனாலும் பெயர் பட்டியல்தான். நிரலுக்கு நாம் வழக்கமாகக் கொடுக்கிற எந்தப் பாதுகாப்பையும் இதற்குக் கொடுப்பதில்லை. ‘கான்ஃபிக்தானே’ என்று சோதனை எழுதாமல் விடுகிறோம்.

ஒரு தீபாவளி வாரம். ஆன்லைனில் துணி விற்கிற ஒரு கடையின் சர்வர்களை எங்கள் டீம் பார்த்துக்கொண்டிருந்தது. கூட்டம் வரும் என்று பிரதிகளை ஆறாக ஏற்றிவிட்டிருந்தோம். அன்று சாயங்காலம் வேறு ஏதோ மாற்றும்போது ‘பிரதிகள்: 6’ என்ற வரியை நான் இரண்டு இடம் வலப்பக்கம் தள்ளிவிட்டேன். அது மேலே இருந்த தலைப்புக்குக் கீழே போய் ஒண்டிக்கொண்டது. வார்ப்புருவோ தனக்குத் தெரிந்த இடத்தில் எண்ணைத் தேடியது. இல்லை. இல்லையென்றால் 1 என்று எடுத்துக்கொள்ளும்படி எவரோ எப்போதோ எழுதி வைத்திருந்தார்கள். எடுத்துக்கொண்டது. தப்பான இடத்தில் கிடந்த ஆறைப் பார்த்து ‘நீ ஏன் இங்கே?’ என்று எதுவும் கேட்கவில்லை. எந்த எச்சரிக்கையும் வரவில்லை. ராத்திரி பதினொன்றரைக்கு மொத்தக் கூட்டமும் ஒரே ஒரு பிரதியின் தலையில் வந்து இறங்கியது.

சில எழுத்துகளில் பல பொருளைக் கண்ணாடிபோலக் காட்டுவது சூத்திரத்தின் இலக்கணம் என்கிறது நன்னூல். பட்டியல் மொழிகளின் ஆசையும் இதுதான். ஆனால் சூத்திரம் தனியாக நிற்பதில்லை, உரையோடுதான் நிற்கிறது. தொல்காப்பியத்தின் ஒரே நூற்பாவுக்கு இளம்பூரணர் ஒரு பொருள் சொல்வார், நச்சினார்க்கினியர் வேறொன்று சொல்வார். யாம்லுக்கும் அப்படி உரைகாரர்கள் உண்டு. நார்வே நாட்டின் இரண்டெழுத்துக் குறியீடு ‘என்ஓ’. யாம்ல் 1.1 படிக்கிற மென்பொருள் அதை ‘நோ’ என்று எடுத்துக்கொண்டு ‘பொய்’ என்ற மதிப்பாக மாற்றிவிடும். 2009இல் வந்த 1.2 அந்த விதியைத் தூக்கிவிட்டது. ஆனால் பழைய உரைகாரர்கள் இன்னும் பணியில் இருக்கிறார்கள். சேலத்தை 279 ஆக்கியதும் அப்படி ஒருவர்தான். தமிழில் உரை வேறுபட்டால் இரண்டையும் பக்கத்தில் வைத்து வாசிக்கலாம். இங்கே எந்த உரைகாரர் படிக்கிறார் என்பதே ஃபைலைப் பார்த்தால் தெரியாது.

5

அந்த ராத்திரி தப்பைக் கண்டுபிடித்தது நானில்லை. எங்கள் டீமில் இரவு ஷிஃப்ட் பார்த்த ஒரு பெண். ராசிபுரம் பக்கம் ஊர், கணிதம் படித்தவர், நிரல் எழுதுகிற வேலைக்கு எடுக்கப்பட்டவரில்லை. சர்வர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்து, ஏதாவது சிவப்பானால் எங்களை எழுப்புவதுதான் அவர் வேலை. நாங்கள் நான்கு பேர் வார்ப்புருவுக்குள் தலையை விட்டுக் குழம்பிக்கொண்டிருந்தபோது, பழைய ஃபைலையும் புது ஃபைலையும் பக்கத்தில் வைத்து வரிவரியாகப் படித்திருக்கிறார். ரெண்டே முக்காலுக்கு போன் செய்தார். “அண்ணா, ஆறு இருக்குதுங்ண்ணா. ஆனா எடம் மாறிக் கெடக்குது.”

அடுத்த வாரக் கூட்டத்தில், யாம்லே வேண்டாம், புலூமிக்கு மாறிவிடுவோம், டைப்ஸ்கிரிப்ட்டில் எழுதுவோம் என்று முடிவானது. அதற்கு அதிகமாக வாதாடியவன் நான்தான். வாதத்தில் தப்பில்லை. இடைவெளிக்கு அர்த்தம் போய்விடும். எண் இருக்க வேண்டிய இடத்தில் இல்லையென்றால் எழுதும்போதே சிவப்புக் கோடு விழும். நாற்பது சேவைக்கும் ஒரே ஃபங்ஷன் போதும், சோதனையும் எழுதலாம். மாறினோம். அந்த வகைத் தப்பு அதற்கப்புறம் வரவே இல்லை.

இரண்டு மாதம் கழித்து ஒரு ராத்திரி அவர் கூப்பிட்டார். பிரதிகள் எத்தனை ஓட வேண்டும் என்று வாடிக்கையாளர் கேட்கிறாராம்.

“ஆறும்மா.”

“ஆறுன்னு எங்கங்ண்ணா எழுதியிருக்குது? நானும் ஒரு மணி நேரமாத் தேடறேன்.”

நானும் லேப்டாப்பைத் திறந்து பார்த்தேன். எங்கேயும் எழுதியிருக்கவில்லை. ஒரு ஃபைலில் அடிப்படை எண் இரண்டு. இன்னொன்றில் பண்டிகைக் காலத்துக்கு மூன்று மடங்கு. எது பண்டிகைக் காலம் என்பது மூன்றாவது ஃபைலில் தேதிகளாக. நான் எழுதியதுதான். எழுதும்போது அழகாகத்தான் இருந்தது. பெருக்கினால் ஆறு வரும். ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும், அல்லது தலைக்குள் ஓட்டிப் பார்க்கிற பழக்கம் இருக்க வேண்டும்.

நிரல்கட்சிக்காரர்கள் இந்த இடத்தை லேசாகக் கடந்துபோகிறார்கள். ‘யாம்ல் படிக்க முடிகிறவருக்கு டைப்ஸ்கிரிப்ட் படிக்க எத்தனை நாள் ஆகும்?’ என்பார்கள். மொழியைக் கற்றுக்கொள்வது ஒரு விஷயம். ஆனால் பட்டியலில் விடை எழுதியே இருக்கிறது, நிரலில் விடைக்கான வழிதான் எழுதியிருக்கிறது. எத்தனை வருஷம் அனுபவம் இருந்தாலும், மூன்று ஃபைலைத் தாண்டிவரும் ஆறைக் கண்ணால் பார்க்க முடியாது. எனக்கே அன்றைக்குப் பத்து நிமிஷம் ஆனது.

அவருக்கு நடந்தது மெதுவாக நடந்தது. முன்பு கேள்வி வந்தால் ஃபைலைத் திறந்து அவரே பதில் சொல்வார். இப்போது எங்களில் ஒருவருக்குத் தள்ளிவிட வேண்டியிருந்தது. வருஷ முடிவில் அவருடைய மதிப்பீட்டில் ‘தானே தீர்த்துவைத்தவை குறைந்துவிட்டன’ என்று எழுதினார்கள். சம்பள உயர்வு பெயருக்குத்தான் வந்தது. “எனக்குப் படிக்கவே தெரியாதுன்னு நெனச்சுட்டாங்களாட்ட இருக்குதுங்ண்ணா” என்றார். தீபாவளி ராத்திரி எங்கள் நான்கு பேரைவிட நன்றாகப் படித்தவர் அவர். கருவியை மாற்றும்போது ஒருவரின் படிப்பைச் செல்லாக்காசாக்குகிறோம் என்று அந்தக் கூட்டத்தில் யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

6

அப்பாவின் தறியில் இந்தச் சண்டை ஒருவிதத்தில் ஏற்கெனவே தீர்ந்திருந்தது என்று அதற்குப் பிறகுதான் தோன்றியது. கிராப் தாளில் போடுகிறவர் தன் தந்திரங்களையெல்லாம் அங்கே வைத்துக்கொள்ளலாம். பாதிப் பூவைப் போட்டு மறுபாதியைத் திருப்பலாம், பழைய டிசைனிலிருந்து எடுக்கலாம். தறிக்கு வருவது அட்டை மட்டும். தறி ஓடுவதும் அதை வைத்துத்தான், அப்பா வாசிப்பதும் அதைத்தான். யோசனை ஒரு பக்கம், அதன் விளைவு இன்னொரு பக்கம். விளைவு மறைந்து கிடக்காமல் எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி தறி மேலேயே தொங்கும்.

நாங்களும் அதைச் செய்து பார்த்தோம். டைப்ஸ்கிரிப்ட் இருக்கட்டும். ஆனால் அது நேராக சர்வருக்குப் போகாமல் முதலில் ஒரு முழுப் பட்டியலை எழுதித் தரும். எந்த நிபந்தனையும் இல்லாத, அலுப்பூட்டுகிற, நாற்பது தடவை அதையே சொல்கிற யாம்ல். அதையும் நிரலுக்குப் பக்கத்திலேயே சேமிக்கிறோம். நிரலில் மாற்றம் வந்தால் பட்டியலில் எது மாறியது என்பதையும் சேர்த்துக் காட்டி ஒப்புதல் வாங்க வேண்டும். சர்வருக்குப் போவது அந்தப் பட்டியல். இது எங்கள் கண்டுபிடிப்பு ஒன்றுமில்லை. டெராஃபார்மில் ‘பிளான்’ என்று ஒன்று உண்டு, செய்வதற்கு முன்னால் செய்யப்போவதை எழுதிக்காட்டும். பலர் இதை வேறு வேறு பெயர்களில் செய்கிறார்கள். பட்டியலுக்கு ஒப்புதல் தருகிற வேலையை ராசிபுரத்துப் பெண்ணிடம் கேட்டுக் கொடுத்தோம். ‘பிரதிகள்: 6’ மறுபடி ஓர் இடத்தில் எழுதியிருந்தது.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல முடியவில்லை. நிரலில் மூன்று வரி மாறினால் பட்டியலில் நானூறு வரி மாறுகிறது. நானூறையும் எந்த மனிதரும் ஒழுங்காகப் படிப்பதில்லை, அவர் உட்பட. பிறகு, அப்பாவின் ஒட்டு. அவர் அட்டையில் ஓட்டையை அடைத்தது கிராப் தாளுக்குத் தெரியாது. அதே டிசைனுக்குப் புதிதாக அட்டை அடித்து வாங்கினால் பழைய தப்பும் கூடவே வரும். “போன வருசமே ஒட்டினனே இதை” என்று திட்டிக்கொண்டே மறுபடி ஒட்டுவார். ராத்திரி அவசரத்தில் பட்டியலில் நேராகக் கைவைத்தால் எங்களுக்கும் அதே கதி. காலையில் நிரல் ஓடி அதை அழித்துவிடும். ஒட்டியதை விடிந்ததும் நிரலுக்குக் கொண்டுபோக வேண்டும் என்று விதி போட்டிருக்கிறோம். மாதம் ஒரு தடவையாவது அது மறந்துபோகிறது.

அவர் இப்போது டைப்ஸ்கிரிப்ட்டும் கற்றுக்கொள்கிறார். நல்லதுதான். ஆனால் அதை இந்தப் பிரச்சினைக்குத் தீர்வாக எழுதி முடிக்க எனக்கு மனம் வரவில்லை. கற்றுக்கொண்ட பிறகும் ஆறு எங்கேயாவது எழுதியிருக்கத்தான் வேண்டும்.

எங்கள் தெருவிலும் எலக்ட்ரானிக் ஜக்கார்டு வந்துவிட்டது. அட்டை கிடையாது. டிசைன் பென்டிரைவில் வருகிறது. போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது பக்கத்து வீட்டில் ஒரு புடவையில் கரை பிசகி விழுந்திருந்தது. அப்பாவைக் கூப்பிட்டார்கள். அவர் போய்ப் பார்த்தார், எந்த ஊடையில் தப்பு என்று நகத்தால் கீறிச் சரியாகவே காட்டினார். அப்புறம் பழக்கத்தில் தலையை நிமிர்த்தி மேலே பார்த்தார். அங்கே ஒரு பெட்டியும் பச்சை விளக்கும் இருந்தன. டிசைன்காரருக்குப் போன் போட்டிருக்கிறோம், அவர் வருவதற்கு நாலு மணி ஆகும் என்றார்கள். அதுவரை தறி நின்றது.